ஆறிப்போன டீ

அந்த நாவல் வரிசையில் மந்திரவாதி ஓர் உயிரைக் காப்பாற்றும்போதெல்லாம் நகரத்தில் எங்கோ யாரோ ஒருவருடைய டீ சட்டென்று ஆறிப்போகும். மந்திரத்துக்கு வேண்டிய சூட்டை அவன் அங்கிருந்துதான் எடுக்கிறான் என்பது ஜெசிந்தாவின் கண்டுபிடிப்பு. ஐந்து பாகங்களையும் பென்சிலால் கோடு போட்டுப் படித்தவள். அதே கதைக்குப் பைத்தியமான தன் நண்பன் ரஃபீக்கிடம், ஞாயிறு மாலை பேக்கரி மாடியில் அடித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

“கேக்காம எடுத்தா திருட்டுதான். நல்லதுக்கே எடுத்தாலும் திருட்டுதான்.”

“கதையில மாடியிலேருந்து விழுந்த புள்ள பொழச்சிருக்கு. ஒரு டீ ஆறினா குடியா முழுகிடும்?”

“அது அவன் டீ இல்லையே!” என்று கிளாஸை எடுத்தாள். அப்போதுதான் கொண்டுவந்து வைத்த டீ சில்லிட்டுக் கிடந்தது. ரஃபீக்கின் கிளாஸில் ஆவி பறந்தது. அவன் இரண்டையும் தொட்டுப் பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தாள், சிரிக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஊர் தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. அங்கே யாரோ இந்த நிமிஷம் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கலாம். ஜெசிந்தா அந்த டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். இவ்வளவு ருசியாக ஒரு டீ குடித்ததே இல்லை என்று தோன்றியது. பிறகு இன்னொன்று வரவழைத்து, ஜன்னலோரமாகத் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

மேஜை துடைக்க வந்தவர், “குடிம்மா, ஆறிடப் போவுது” என்றார்.

“ஆறட்டும்ணே” என்றாள் ஜெசிந்தா.