பூவை எடுக்க மாட்டேன்

"அந்தப் பூவை மட்டும் எடுத்துருங்க்கா."

கேமராவுக்குப் பின்னாலிருந்து மூன்றாவது முறையாகச் சொன்னான், உள்ளூர் சேனல் நிருபர் கவின்.

எதிரே பட்டுச்சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக வேல்விழி. இடது கையில் மாவுக்கட்டு. பனியன் கம்பெனி சூப்பர்வைசர் இரும்புக் கம்பியால் அடித்து உடைத்த கை. கல்யாணத்துக்குக் கிளம்பியவள் மாதிரி உட்கார்ந்திருந்தால் எவன் நம்புவான்? கவினுக்கு எரிச்சல் மண்டியது.

"எதுக்கு எடுக்கணும்?"

"பாக்கறவங்களுக்குப் பரிதாபம் வரணுமல்லங்க்கா. பழைய சேலை இருந்தா கட்டிக்குங்க. அவன் எப்படி அடிச்சான்னு ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க. அழுகை வந்தா அடக்காதீங்க."

"அடிச்சதப் போலீஸ்ல சொல்லியாச்சு. மறுபடி சொல்ல மாட்டேன்."

"அப்புறம் பேட்டி எதுக்குங்க?"

"தம்பி, நான் ஏழு வருசமா செக்கிங்ல நிக்கிறேன். டேமேஜ் இருக்குற இடத்துல அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, பனியன ஒதுக்கிப் போடுறதுதான் வேலை. நீங்க எனக்கே ஸ்டிக்கர் ஒட்ட வந்திருக்கீக. கேமராவப் போடுங்க."

போட்டான். வேறு வழி? எட்டு மணிச் செய்திக்கு ஆள் வேண்டுமே.

"கேஸ் குடுத்திருக்கேன். வாபஸ் வாங்க மாட்டேன். கை சரியானதும் அதே கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போவேன். ஓடுறதா இருந்தா அவன்தான் ஓடணும்."

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் சிரித்தாள். திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டே கவின் கேமராவை அணைத்தான்.

"ஆஃப் பண்ணிட்டீகளா?"

"பண்ணிட்டனுங்க்கா."

"நெசமாவா?"

சிவப்பு விளக்கு அணைந்திருப்பதைக் காட்டினான்.

அடுத்த நொடி, வேல்விழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

கவினின் விரல் பழக்கதோஷத்தில் கேமரா பொத்தானுக்குப் போனது. சீ என்றிருந்தது. இழுத்துக்கொண்டான்.

"இத்தனை அழுகைய உள்ள வெச்சுக்கிட்டு எதுக்குங்க்கா சிரிச்சீங்க?"

முகத்தைத் துடைத்தாள். சரிந்த பூவை ஒற்றைக் கையால் சரிசெய்தாள்.

"கம்பெனி ஹாஸ்டல்ல எட்டு மணிக்கு டிவி போடுவாக. அவன்கிட்ட அடிவாங்குன பிள்ளைக இன்னும் ஆறு பேரு அங்கன உக்காந்து பாக்கும். நான் அழுதா, கேஸ் குடுத்தா இந்தக் கதிதான்னு பயந்து ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டா தம்பி. என் பூவப் பாக்கட்டும்."