பச்சை மரத்து ஆப்பிள்

தேயிலைத் தோட்டத்துப் பங்களா முற்றத்தில் இரண்டு ஆப்பிள் மரங்கள். சிவப்பு மரத்தில் ஒன்றுகூடக் குறையவில்லை. பச்சை மரம்தான் நாளுக்கு நாள் மொட்டையாகிக்கொண்டு வந்தது.

"ஞாயித்துக்கிழமை கொழும்பிலேருந்து பெரிய துரை வர்றாரு. 'பை'ங்கிற அந்த இங்கிலீஷ் பலகாரம் செய்ய ஆப்பிள் பத்தலைன்னா, முற்றம் கூட்டுறவளைத்தான் முதல்ல அனுப்புவேன்னு துரைசாணி சொல்லிட்டாங்க" என்றார் பங்களா சமையல்காரர் அலோசியஸ்.

முற்றம் கூட்டுகிறவள் வீரம்மாதான். மகன் சின்னராசாவும் மருமகளும் கொண்டுவரும் கூலியை மட்டும் நம்பி அடுப்பு எரியுமா?

"சிவப்பையே போட்டுச் செய்யுங்களேன், அண்ணே."

"அது கடிச்சுத் தின்னத்தான் லாயக்கு. நறுக்குன்னு, தேன் மாதிரி இருக்கும். அடுப்புல வச்சா சப்புன்னு போயிடும். பச்சை அப்படியில்ல. சும்மா கடிச்சா பல்லு கூசும். சீனியும் கறுவாப்பட்டைத் தூளும் போட்டுப் போறணைச் சூட்டுல வேக வச்சுப் பாரு, வெண்ணெயாட்டம் குழையும். துரைமாருக்கு அந்தப் புளிப்பு இருந்தாத்தான் பை." அலோசியஸ் தலையைச் சொறிந்தார். "ஆனா அதைப் பச்சையா எவன் திங்கிறான்? அதுதான் விளங்கல."

வீரம்மாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"எவன் இல்லண்ணே, எவ! பக்கத்துலயே தேனாட்டம் தொங்குறதை விட்டுட்டுப் புளிப்பைத் தேடிப் போறவ யாரு? சின்னராசா வயித்துல இருந்தப்ப நான் புளிப்பானையையே காலி பண்ணினவ."

"சும்மா இரு தாயி. யாரு காதுலயாவது விழப்போகுது."

வீரம்மா சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலை, பனி விலகுமுன்னே வேலியோரம் பதுங்கி நின்றாள்.

பச்சை மரத்தடியிலிருந்து வந்தவள் ஐவி. பங்களாவில் துணி துவைக்கும் பெண். தாய் தகப்பன் இல்லாதவள். ஆவணியில் நோட்டன் பிரிட்ஜ் ஊர் ஜோர்ஜோடு கல்யாணம்.

"மடியில என்னடி?"

ஐவி திடுக்கிட்டாள். பச்சை ஆப்பிள்கள் புல்லில் உருண்டன.

"யாருடி அவன்? ஜோர்ஜா, வேற எவனாச்சுமா?"

"ஐயோ பெரியம்மா! என்ன பேச்சு இது?"

"அப்ப யாருக்குப் பறிச்ச? சொல்லு!"

ஐவி குனிந்து ஆப்பிள்களைப் பொறுக்கினாள்.

"ஆடி முடியட்டும் பெரியம்மா. எல்லாம் தானாத் தெரியும். அதுவரைக்கும் கத்தாதீங்க, உங்களைக் கும்பிடுறேன்."

"ஏன், ஆவணியில தாலி ஏறிட்டா மூடி மறைச்சிடலாம்னா? உன் நாக்கு ருசிக்கு என் சோத்துல மண்ணா?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் துரைசாணி முன்னால் நிறுத்தினாள். துரைசாணி இங்கிலீஷில் கேட்டதை அலோசியஸ் தமிழில் சொன்னார். ஐவி சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"நான்தான் பறிச்சேன்."

"எதுக்குன்னு சொல்லேன் புள்ள. ஒரு வார்த்தை சொன்னா நான் துரைசாணிகிட்ட பேசிப் பாக்குறேன்" என்று கெஞ்சினார் அலோசியஸ்.

ஐவி திரும்பவும் அதையேதான் சொன்னாள்.

விடிந்ததும் பங்களாவை விட்டுப் போய்விட வேண்டும் என்று உத்தரவாயிற்று. உடப்புசல்லாவை ஊரில் அவளுக்கு ஒரு சித்தப்பன் இருக்கிறான். சேர்த்துக்கொள்வானோ, என்னவோ.

சாயங்காலம் வீரம்மா கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கினாள். நெஞ்சுப் பாரம் இறங்கியிருந்தது. வழியில் ஊரெல்லாம் சொல்லவில்லை. பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நாகலெட்சுமியிடம் மட்டும் சொன்னாள்.

"அப்படியா சங்கதி!" என்று குடத்தை இறக்கி வைத்தாள் நாகலெட்சுமி. அவள் தம்பிக்கு வேலை, ஜோர்ஜ் இருக்கிற அந்த நோட்டன் பிரிட்ஜில்.

வீட்டுக்குள் மருமகள் வேலாயி அப்போதுதான் மலையிலிருந்து வந்து கொழுந்துக் கூடையை இறக்கியிருந்தாள். முகம் வாடிக் கிடந்தது.

"கேட்டியாடி கூத்தை? கல்யாணம் கட்டி இத்தனை வருஷமாச்சு, இந்த வீட்டுல ஒரு தொட்டில் கட்டக் காணோம். அங்க அந்த ஐவிக்குத் தாலிக்கு முன்னாடியே புளிப்புக் கேக்குது! ஆப்பிளும் கையுமாப் புடிச்சேன். நாளைக்கு மூட்டை கட்டுறா."

வேலாயி கூடைப் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் புள்ள ஒண்ணும் சொல்லலியா, அத்தை?"

"என்னத்தைச் சொல்லுவா? ஆடி முடியட்டும், ஆடி முடியட்டும்னா. நம்மகிட்டயா நடக்கும்?"

வேலாயி கூடையைக் கவிழ்த்தாள். அடியில் கிடந்த துணி அவிழ்ந்தது. பாதி கடித்த பச்சை ஆப்பிள் ஒன்று வீரம்மாவின் காலடிக்கு உருண்டு வந்தது. கூடவே, இலையில் மடித்த உப்பும் மிளகாய்த்தூளும்.

"போன ரெண்டு தடவையும் நீங்க லயம் பூராவும் சொல்லித் திரிஞ்ச கையோட எனக்குக் கலைஞ்சு போச்சு, அத்தை. அதான் இந்தத் தடவை, ஆடியோட எனக்கு மூணு மாசம் தாண்டுற வரைக்கும் உங்ககிட்ட மட்டும் மூச்சு விடக் கூடாதுன்னு ஐவிகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்."