ஒரு மூடி உரம்

சமையலறை வாசலில் அவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவருடைய மீன்தொட்டிச் செடிகளுக்கான உரப் பாட்டிலில் மனைவி டீயை ஊற்றிக்கொண்டிருந்தாள். பால் விடாத டீ. ஊற்றியதோடு விட்டாளா? குழாய்த் தண்ணீரைக் கலந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறம் ஒத்துப்போகிறதா என்று வேறு பார்த்தாள்.

"என்ன பண்ற?"

அவள் திடுக்கிடக்கூட இல்லை. "டீ ஊத்தறேன்."

"என் உரப் பாட்டில்லயா? நேத்துதானே புதுசு திறந்தேன். உரம் எங்க?"

அவள் மேல் தட்டைக் காட்டினாள். பழைய இருமல் மருந்துப் பாட்டிலுக்குள் உரம் ஒளிந்திருந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அந்தத் தொட்டிதான் அவருக்கு எல்லாமே. அந்தச் செடிகளைக் கண்ணுக்குள் வைத்து வளர்க்கிற மனுஷன். சொந்த வீட்டிலேயே இப்படி ஒரு கழுத்தறுப்பா?

"வெறும் இரும்பைப் போட்டா துருவா அடியில தங்கிடும்னு, அதைச் சுத்தி உறை மாதிரி ஒண்ணைப் போட்டு, செடி குடிக்கிற பக்குவத்துல செஞ்ச உரம் இது. அதை ஒளிச்சு வச்சிட்டு என் கையாலயே டீத் தண்ணியை ஊத்த வைக்கிறியே. என் செடி உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"செடி நல்லாத்தாங்க இருக்கு. தினமும் நல்ல உரம் ஒரு மூடி நான் விட்டுடறேன்."

"நீ எதுக்கு விடணும்? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவள் பாட்டிலில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டாள்.

"அளவு கூடிப் போனா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? அதுல செம்பு இருக்கு. தொட்டியில ஒரு இறால்கூடத் தங்காது."

"தெரியும். அன்னிக்கு அத்தனை இறாலும் செத்துக் கிடந்தப்போ, சாப்பிடாம உக்காந்து அழுதீங்க."

"எப்போ? என் தொட்டியில ஒரு இறாலும் சாகலையே."

"புதுசு வாங்கி விட்டேங்க."

என்ன உளறுகிறாள் இவள் என்று அவருக்குப் புரியவில்லை.

அவள் அருகில் வந்தாள். "இன்னிக்கு உரம் ஊத்தினீங்களா?"

"இன்னும் இல்ல. அதுக்குத்தானே பாட்டிலைத் தேடிக்கிட்டு வந்தேன்."

"மூடி எங்க?"

"என்னைக் கேட்டா? பாட்டில் உன்கிட்டதானே இருக்கு."

"கையை விரிங்க."

விரித்தார். மூடி உள்ளங்கையில் இருந்தது. விரலிடுக்கெல்லாம் டீக்கறை. சட்டைக்கை முழங்கை வரை நனைந்திருந்தது.

"விடிஞ்சதிலிருந்து ஒரு பாட்டிலையே காலி பண்ணிட்டீங்க. டீங்கறதால தொட்டி தப்பிச்சுது."

அவர் ஆடிப்போனார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, மூடியையே வெறித்துப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய விஷயத்தை என்கிட்டயே மறைச்சிட்டியே," என்றார் கடைசியில்.

அவள் முந்தானையால் அவர் விரல்களைத் துடைத்துவிட்டாள்.

"மறைக்கலைங்க. தினமும் காலையில சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."