தொட்டிலில் யாருமில்லை

'நீலப்படை' புதுப்படத்தில் நாயகன், "எனக்குக் கூடப்பிறந்தவங்க யாருமில்ல" என்று சொன்னதுமே தணிகைவேல் தியேட்டரிலிருந்து எழுந்து வீட்டுக்கு ஓடினான். அந்தப் படக்கதையிலிருந்து கிளைத்த டிவி தொடரில் நாயகனின் அண்ணனாக நடித்தவன் அவன்தான். படத்தின் மூலக்கதை மாறினால் தொடரின் கிளைக்கதையும் எல்லாப் பிரதிகளிலும் அப்போதே தானாக மாறிவிடும்.

டிவி, போன், பென்டிரைவ் என்று அந்தத் தொடரை மாறி மாறிப் போட்டுப் பார்த்தான். எதிலும் அவன் இல்லை.

"நீங்க போனாப் போகுது. பாப்பாவுக்குப் பேர் வெச்சது?" என்று பதறினாள் மனைவி சுகந்தி.

மகள் நறுமுகைக்குப் பெயர் சூட்டியதே அந்தப் படப்பிடிப்பில்தான். அண்ணன் குழந்தையாக அவளையே தொட்டிலில் போட்டிருந்தார்கள்.

"சீரியல்லயே வருது, தனியா எதுக்கு வீடியோன்னு நீங்கதானே சொன்னீங்க?"

தணிகைவேல் அந்தக் காட்சியைத் தேடி ஓடவிட்டான். பூச்சுற்றிய தொட்டில் இருந்தது. நாயகன் அதற்குள் குனிந்து மூன்று முறை வாயசைத்தான். சத்தம் வரவில்லை.

ஐந்து வயது நறுமுகை டிவியை ஒட்டி நின்று எட்டிப் பார்த்தாள்.

"சித்தப்பா யாரைப்பா கூப்பிடறாரு? உள்ள யாருமே இல்லையே!"