நூறாவது ஓட்டு

நூறு ஓட்டும் தனக்கே விழுந்தால்தான் பாலம் என்று எம்.எல்.ஏ. சொல்லிவிட்டார். கரட்டுப்பட்டியில் மொத்த ஓட்டே நூறுதான்.

தேர்தலன்று விடியற்காலையில் செவந்தியின் புருஷன், ஒரு வருஷமாய்ப் படுக்கையில் கிடந்த மாரப்பன், நெஞ்சுவலியில் செத்துப்போனான். ஆம்புலன்ஸ் வந்தும் ஆற்றுக்கு அக்கரையிலேயே நின்றுவிட்டது.

நாத்தனார் பொம்மக்கா அவள் வாயைப் பொத்தினாள். "சத்தம் போட்றாத. மிசின் வந்து போகட்டும். பாலமில்லாம சாகறது என் தம்பியோட முடியட்டும்."

படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு ஓட்டு மிசின் வீட்டுக்கே வரும். சில்லிட்ட விரலை மட்டும் அது ஏற்காது. செவந்தி அவன் விரலை வெந்நீர்த் துணியில் சுற்றி, மதியம்வரை உள்ளங்கைக்குள் பொத்திவைத்திருந்தாள்.

அதிகாரி வந்தார். "தூங்குறாரா?"

"ஆமாங்கய்யா. இப்பத்தான் கண்ணசந்தாரு."

அந்த விரலைப் பிடித்துச் சின்னத்தில் அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. அதிகாரி விரலில் மை வைத்துவிட்டுப் போனார்.

விழுந்த ஓட்டைக் காட்டும் ஊர்ப் பலகையில் தொண்ணூற்றொன்பது நூறாக மாறியதும் தெருவெல்லாம் சரவெடி கொளுத்தினார்கள்.

பொம்மக்கா கதவைச் சாத்தினாள்.

"இப்ப அழுதுக்க தாயி. வெளிய கேக்காது."