கேக்கில் எழுதிய பெயர்

காலை ஒன்பது பத்துக்கு வெர்லீன் கைப்பையிலிருந்து சட்டம் போட்ட படத்தை எடுத்து மேசைமேல் நிறுத்தினாள். கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்தில் அப்போதுதான் விளக்குகளைப் போட்டிருந்தார்கள்.

"இத வீட்லயே வச்சிட்டு வான்னு சொன்னேன்ல," என்றாள் மகள் ஷைலின், உதடு அசையாமல்.

"நீ சும்மா இரு. ஆதாரம் கேட்டா எதக் காட்டுவ, உன் மூஞ்சியையா?"

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் எமெட்டுக்கு முப்பது வயது இருக்கும். படத்தைப் பார்த்தான். கறுப்பு அங்கியில் நீதிபதி, கனத்த மேல்கோட்டில் வெர்லீன், நடுவில் நீதிமன்றத்தில் கொடுத்த கரடிப் பொம்மையோடு ஒரு சிறுமி. கரடிதான் சிரித்துக்கொண்டிருந்தது.

ஷைலினுக்குச் செவிலியர் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டணத்துக்கு வழி காட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வெர்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கணவனுக்கு வெல்டிங் பட்டறையில் வேலை. இருவர் சம்பளமும் உதவி கேட்கக் கொஞ்சம் அதிகம், கட்டணம் கட்ட ரொம்பக் குறைவு.

பெற்றவர்களிடம் இல்லாமல் அரசு பொறுப்பில் வளர்ப்பு வீடுகளில் இருந்த பிள்ளைகளுக்குத் தனிச் சலுகை உண்டு, தத்தெடுத்தவர்கள் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்று பேருந்துப் பணிமனையில் ஒருத்தி சொன்னாள். ஷைலின் தத்து வருவதற்கு முன் நாலு வருஷத்தில் ஐந்து வளர்ப்பு வீடு பார்த்தவள். அவளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

எமெட் பிறப்புச் சான்றிதழைப் புரட்டினான். தாய் என்ற இடத்தில் வெர்லீன் ஹட்சின்ஸ் என்று இருந்தது. தத்தெடுத்த பிறகு புதிதாகக் கொடுப்பது அப்படித்தான் இருக்கும்.

"இதன்படி பாத்தா நீங்கதாம்மா பெத்திருக்கீங்க."

"பாத்தியா," என்று மகளை இடித்தாள் வெர்லீன். "கவர்மெண்டே சொல்லுது."

"அப்ப சலுகை கெடைக்காதும்மா," என்றாள் ஷைலின்.

எமெட் சிரித்துவிட்டான். தத்தெடுத்த வழக்கின் எண் தெரிந்தால் போதும், நீதிமன்றத்தில் கேட்டு இன்றைக்கே முடித்துவிடலாம் என்றான். தீர்ப்பின் நகல் வீட்டில் தண்ணீர் புகுந்த வருஷமே போய்விட்டது. ஆனால் எண்ணைப் படத்தின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள் வெர்லீன்.

எமெட் சட்டத்தைக் கவிழ்த்தான். பின்பலகையின் கொக்கிகள் துருப்பிடித்திருந்தன. பேனாக் கத்தியால் ஒவ்வொன்றாக நெம்பினான்.

அதற்குள் வெர்லீன் தத்தெடுப்புத் தீர்ப்புக்குத் தேதி வாங்கிய கதையை ஆரம்பித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை தீர்ப்பு, ஞாயிற்றுக்கிழமை ஷைலினுக்குப் பிறந்தநாள். கேக்கில் ஷைலின் ஹட்சின்ஸ் என்று எழுதச் சொல்லிக் கடையில் கொடுத்தாகிவிட்டது. பர்டெட் என்ற சமூகநல ஊழியர்தான் குறுக்கே விழுந்தார். திங்கட்கிழமையும் நீதிபதிக்கு நேரம் இருக்கிறது, திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரே பாட்டு. பின்னால் பிள்ளைக்கு நல்லது என்றாராம்.

"பிள்ளைக்கு நல்லது அம்மா கெடைக்கிறதுதான். அதுல வெள்ளி என்ன, திங்கள் என்ன? வாரக் கடைசில வேலை பாக்க அந்த ஆளுக்குச் சோம்பல், தம்பி. டொலீடோ ஊரே பனில மூடிக் கெடக்கு, நான் கோர்ட்டுக்கும் அவங்க ஆபீசுக்கும் நடையா நடந்தேன். மேலதிகாரிக்கு நாலு பக்கம் எழுதிப் போட்டேன். வெள்ளிக்கெழம காலைல மொத கேசே எங்களுதுதான்."

பர்டெட் என்ன ஆனார் என்று கேட்டான் எமெட்.

"வேற ஊருக்குத் தூக்கி அடிச்சிட்டாங்க," என்று முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

கடைசிக் கொக்கி விட்டது. பலகையை எடுத்ததும் நாலாக மடித்த காகிதம் ஒன்று மேசையில் விழுந்தது.

"அது ஒண்ணுமில்ல தம்பி. படம் உள்ள ஆடிட்டே இருந்துச்சு, முட்டுக் குடுத்து வச்சேன். அந்த ஆளு குடுத்த காகிதந்தான். அதுக்காவது ஒதவுச்சே."

ஷைலின் சிரித்தாள். எமெட்டும் சிரித்துக்கொண்டே வழக்கு எண்ணைக் குறித்துக்கொண்டான். காகிதத்தைத் திரும்ப வைக்கப் போனவன், வெளியே தெரிந்த தலைப்பைப் பார்த்து நின்றான். பிரித்துப் படித்தான். அவன் சிரிப்பு நின்றது.

"அந்த ஞாயித்துக்கெழம கேக்குல எத்தன மெழுகுவத்தி வச்சீங்கம்மா?"

"பதிமூணு," என்றாள் வெர்லீன். "ஒரே மூச்சுல ஊதி அணைச்சா."

எமெட் காகிதத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தான். வளர்ப்பு வீட்டுப் பிள்ளைகளுக்கான கல்லூரி உதவி என்று தலைப்பு. நடுவில் ஒரு வரிக்குக் கீழே மட்டும் நீல மையில் இரண்டு கோடு போட்டிருந்தது: பதின்மூன்று வயது நிறைந்த பிறகு ஒரு நாளாவது வளர்ப்பு வீட்டுப் பிள்ளையாக இருந்திருக்க வேண்டும். ஓரத்தில் அதே மையில் 'திங்கள்' என்று எழுதி வட்டமிட்டிருந்தது.

வெர்லீன் கண்ணாடியைத் தேடிக் கைப்பைக்குள் துழாவினாள். கண்ணாடி அவள் தலைமேல் இருந்தது.

ஷைலின் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே நாலாக மடித்தாள்.

"அம்மா, அவரு எத்தன நாள் பொறுக்கச் சொன்னாரு?"