ஈரம் காயாத சுவர்

"நம்ம மனையைச் சுத்தி எவனோ சுவர் எழுப்பிட்டானாம்!" வேலையிலிருந்து திரும்பிய கணவனை, தோள்பையை இறக்குமுன்னே மறித்தாள் தையல்காரி.

"பத்து வருஷம் நீ மிஷின் மிதிச்சு வாங்கின இடம்டி! பட்டப்பகல்லயா கொள்ளை?"

"புது ரோடு வந்து விலை ஏறிடுச்சு, ஏப்பம் விடப் பாக்குறாங்க. நீங்க இடத்தை ஒருநாளாவது வந்து பாத்தீங்களா? பத்திரம் பதிஞ்ச அன்னைக்கும் வேலைக்குத்தானே ஓடினீங்க!"

"லீவு போட்டா கூலி யாரு தருவா? வா, இப்பவே போவோம்."

வழிநெடுக அவன் கொதித்தான். "ஊரை அடிச்சு உலையில போடுற முதலாளியை விடு. யாரு இடம்னு கேக்காம கூலிக்குக் கட்டினான் பாரு, அவன் கையை உடைக்கணும்!"

மனையை அடைந்ததும் அவள் சுவரைத் தொட்டாள். "ஈரமே காயலைங்க. எந்தப் படுபாவி கட்டினானோ?"

அவன் சுவரை உற்றுப் பார்த்தான். அந்தச் செங்கல் வரிசைகளை அடுக்கியவை அவனுடைய கைகள். "கேள்வி கேக்காத மேஸ்திரி, ரெண்டே நாள்ல முடி" என்று முதலாளி விரட்டிய குரல் செவியில் அறைந்தது.

தோள்பைக்குள் சாந்துக்கரண்டியை ஒதுக்கிவிட்டுச் சுத்தியலை உருவினான்.

"கட்டின பாவி நான்தான். கையை அப்புறமா உடைச்சுக்கலாம். முதல்ல அது கட்டினதை இடிக்கட்டும்!"